மாஸ்டர் தோளில் கிடக்கும் துணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக கேன்டீன்களில் வேலை பார்ப்பவர்களுக்குச் சுத்தம் பற்றிய விழிப்புணர்வே கிடையாது என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. பழியைக் கொண்டுபோய் இறக்கிய இடம்தான் சரியில்லை என்று எனக்குப் படுகிறது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் கேன்டீனில்தான். அதனால் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சமையல்கட்டும் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் எங்கள் துறை சார்பில் கேன்டீன்காரர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தோம். கூட்டம் ஓய்ந்த மூன்று மணிக்கு மாஸ்டர், சப்ளையர்கள், பாத்திரம் கழுவுபவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். முதல் பத்து நிமிடம் திரையில் படம் போட்டுப் பேசியதில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு பற்ற வைத்தவர்கள், வேறென்ன செய்வார்கள்? சரி என்று படத்தை நிறுத்திவிட்டு, நான் கொண்டுபோயிருந்த நான்கு அகார் தட்டுகளை எடுத்து வைத்தேன். கிருமிகளுக்குப் பிடித்த சத்துகளைக் கலந்து ஜெல்லி மாதிரி உறைய வைத்த தட்டுகள் அவை. மாஸ்டரைக் கூப்பிட்டு, முதல் தட்டில் கழுவாத விரல்களைப் பதிக்கச் சொன்னேன். இரண்டாவது தட்டில், வெறும் தண்ணீரில் அலம்பிவிட்டு. மூன்றாவதில், சோப்பு போட்டு இருபது வினாடி தேய்த்துக் கழுவி, கை தானாக உலர்ந்த பிறகு. நான்காவதிலும் சோப்பு போட்ட கைதான்; ஆனால் வழக்கம்போலத் தோளில் கிடந்த துணியில் துடைத்துக்கொண்டு பதித்தார்.

37 டிகிரியில் ஒரு நாள் வைத்திருந்து மறுநாள் தட்டுகளை எடுத்துப் போனேன். மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். நான்காவதில் விரல் பதிந்த தடமே தெரியவில்லை. வெள்ளையும் மஞ்சளுமாக மொத்தமாக மூடிக்கிடந்தது. கழுவாத கையைவிட மோசம். மாஸ்டர் தட்டையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நான் இத்தனை நாளா கை கழுவினது எல்லாம் வீண்தானா சார்?" என்றார். பரமக்குடிப் பக்கத்துக்காரர், இருபது வருடமாகக் கரண்டி பிடிப்பவர். தோசைக்கல் ஓரம், மேசை, கத்தி, வேர்த்த கழுத்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே துணிதான். இவரை அலட்சியக்காரர் என்று நான் எப்படிச் சொல்வேன்? கை கழுவ வேண்டும் என்று தெரிந்து, கழுவியும் வந்தவர்.

சோற்று விஷயமும் இப்படித்தான். மத்தியானம் மீந்த சோற்றை அண்டாவோடு மூடி வைத்து, காலையில் எலுமிச்சை சாதமாகத் தாளித்துவிடுவார்கள். கேட்டால், "நல்லா சூடு பண்ணிருவோம் சார், எல்லாம் செத்துரும்" என்பார்கள். படித்தவர்கள் வீட்டிலும் இதே நம்பிக்கைதான். ஆனால் அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி, விதை மாதிரியான உறங்குநிலை வடிவங்களாகவும் (ஸ்போர்கள்) இருக்கும்; அந்த விதைகள் சோறு வேகும்போது சாவதில்லை. 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் இருப்பதுதான் கிருமிகளுக்குத் தோதான சூடு. பெரிய அண்டாவின் நடுச்சோறு மணிக்கணக்காக அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும், அதுவும் சென்னை மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். விதைகள் முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கிவிடும். வாந்தியைக் கிளப்பும் அந்த நச்சு, மறுபடி எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பிச் சீக்கிரம் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைப்பதுதான் வழி. பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் என்று அங்கேயும் ஒருவர் கேட்டார். வீட்டில் கொஞ்சம் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோம், புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. மூடிப்போட்ட அண்டாச் சோறு அப்படியில்லை என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால் சோற்றைப் பரப்பி வைக்கத் தட்டும் ஃபிரிட்ஜில் இடமும் எங்கே என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2011இல் வந்த அதன் விதிமுறைகளும், உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட வேண்டும், வயிற்றுப்போக்கோ கையில் சீழ்ப்புண்ணோ உள்ளவரை உணவுப் பக்கம் விடக்கூடாது என்கின்றன. 25 ஊழியர்களுக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். எங்கள் கேன்டீனில் அந்தப் பயிற்சிச் சான்றிதழ் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. சான்றிதழுக்கு உரியவர் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு நேர் கீழே கை கழுவும் தொட்டி, சோப்பு கிடையாது. வடையின் எண்ணெயை ஒற்றி எடுக்கச் செய்தித்தாள் கூடாது என்றும் விதி உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், அங்கே வடை படுத்திருந்தது பெரும்பாலும் உங்கள் நாளிதழில்தான்.

பாத்திரம் கழுவிய மூன்று பையன்கள் ஒடிசாக்காரர்கள். சுவரில் ஒட்டிய அறிவிப்பு ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தது, இரண்டும் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒடிய மாணவி ஒருவர் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் அவர்கள் மொழியில் சொன்னார். அன்று அதிகம் கேள்வி கேட்டது அந்த மூவர்தான். அவர்களில் காலைச் சட்னியும் அரைக்கிற பையன், சாம்பார் சாயங்காலம் வரை தாங்கும்போது தேங்காய்ச் சட்னி மட்டும் ஏன் சீக்கிரம் கெட்டுவிடுகிறது என்று கேட்டான். கொதிக்காத பண்டம், புளிப்பும் குறைவு, மேலே ஊற்றும் தாளிப்பின் சூடு உள்ளே இறங்காது. மூன்று வருடப் பட்டப்படிப்பில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அதே பையன் ஒரு தடவை வயிற்றுப்போக்கோடு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தான். ஏன்டா தம்பி வந்தாய் என்றால், லீவு போட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்றான். வயிற்றுப்போக்குள்ளவர் சமைக்கக்கூடாது என்பதை அவனுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்திருந்தோம்.

அதனால்தான் சொல்கிறேன், விழிப்புணர்வு வர வேண்டிய முதல் ஆள் டெண்டரில் கையெழுத்துப் போடுபவர். எந்தக் காண்ட்ராக்டர் சாப்பாட்டை மலிவாகப் போடுவார் என்று மட்டும் பார்த்துக் கொடுத்தால், அவர் சோப்பிலும் ஆட்களிலும்தான் மிச்சம் பிடிப்பார். சோப்பு, கை துடைக்கக் காகிதம், வருடாந்திரப் பரிசோதனைச் செலவு, உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். புது ஆள் சேரும்போதெல்லாம் அவரவர் மொழியில் அரை மணி நேரம் சொல்லித் தரலாம். நுண்ணுயிரியல் துறை உள்ள வளாகங்களில் நான்கு அகார் தட்டுக்கா பஞ்சம்?

எங்கள் வகுப்புக்குப் பிறகு மாஸ்டர் தோளில் துணி இல்லாமல் இருந்தார். துறைச் செலவில் காகிதச் சுருள் வாங்கிக் கொடுத்திருந்தோம். அது தீர்ந்ததும் காண்ட்ராக்டர் புதிதாக வாங்கவில்லை. போன மாதம் பழைய நண்பர்களைப் பார்க்கப் போனபோது துணி திரும்பத் தோளுக்கு வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மாஸ்டர் அதை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
நங்கநல்லூர், சென்னை-61