அசீரிய அரண்மனைகளுக்கு நிறம் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார ஞாயிறு மலரில் பழங்காலத்தில் இன்றைய இராக், சிரியாப் பகுதிகளை ஆண்ட அசீரியர்களின் அரண்மனைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சிங்க வேட்டையையும் சிறகுள்ள காளைகளையும் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் போட்டிருந்த படமெல்லாம் சாம்பல் நிறக் கல். படிக்கிற பிள்ளைகள் அந்த அரசர்கள் நிறமே இல்லாத வீட்டில் வாழ்ந்ததாகத்தானே நினைப்பார்கள்?

இராக்கிலுள்ள நிம்ரூதில் இரண்டாம் அசுர்நாசிர்பால் என்ற அசீரிய அரசனின் (ஆட்சி கி.மு. 883–859) அரண்மனையில் செதுக்கிய கல் சுவரின் கீழ்ப்பாதியில்தான். அதற்கு மேலே சுடாத செங்கல், மண் பூச்சு, அதன்மேல் வெள்ளை, வெள்ளைமேல் சித்திரம். 1840களில் லேயார்டு என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அங்கே தோண்டியபோதே வண்ணச் சாந்துத் துண்டுகள் கிடைத்தன. கல்லுக்கும் வண்ணம் தீட்டியிருந்தார்கள். மகள் வீட்டுக்கு லண்டன் போனபோது அருங்காட்சியகத்தில் அப்படிச் செதுக்கிய ஒரு கல் பலகையில் உருவத்தின் காலடியைக் குனிந்து பார்த்தேன். செருப்பில் இன்னும் கறுப்பு ஒட்டியிருக்கிறது. அடிப்பகுதியில் மங்கலாகச் சிவப்பு. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

என் அப்பா வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தவர். ஈரப் பூச்சில் போட்ட நிறத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், காய்ந்த பூச்சில் போட்டது மேலாக நிற்கும், ஒருநாள் உதிரும் என்பார். அசீரியர்கள் தீட்டியது காய்ந்த பூச்சில். கூரை விழுந்து மண்சுவர் கரைந்தால் சித்திரமும் சேர்ந்து போய்விடும். இராக்கிலுள்ள கோர்சாபாத்தில் இரண்டாம் சர்கோன் என்ற அசீரிய அரசன் காலத்துப் பெரிய வீடு ஒன்றில், அரசன் கடவுள்முன் நிற்கும் மிக உயரமான சித்திரத்தை சிகாகோ ஆய்வாளர்கள் உதிர்ந்த துண்டுகளை வைத்துத்தான் மீட்டார்கள்.

முக்கியமான ஊர் கட்டுரையில் இல்லவே இல்லை. சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலுள்ள தில் பார்சிப், இன்றைய தெல் அஹ்மர். அங்கிருந்த அசீரிய அரண்மனையில் செதுக்கிய பலகை வைக்காமல், அறை அறையாகச் சுவரில் சித்திரமே தீட்டினார்கள். கறுப்புக் கோடு, உள்ளே சிவப்பும் நீலமும், பின்னால் வெள்ளை. சிம்மாசனத்தில் அரசன், எதிரே அதிகாரிகள், கைதிகள். அத்தனை குறைந்த நிறங்களில் அத்தனை பெரிய சபை! 1929 முதல் 1931 வரை துரோ-தாஞ்சான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தலைமையில் தோண்டியபோது லூசியன் காவ்ரோ என்ற ஓவியர் அவற்றைப் பார்த்துப் பிரதி எடுத்தார். சில துண்டுகள் பாரிசின் லூவ்ரிலும் அலெப்போவிலும் சேர்ந்தன. மற்றதற்கெல்லாம் காவ்ரோவின் பிரதிதான் நமக்குக் கண்.

அடுத்த இதழில் அந்தப் பிரதிகளில் ஒன்றையாவது வண்ணத்தில் வெளியிடுங்கள். படத்தின் கீழே காவ்ரோவின் பெயரையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்