படிக்கப் போனவரின் சாப்பாட்டில் ஏன் கை வைக்கிறீர்கள்?

எங்கள் மாநில மனிதநலத் துறை இயக்குநருக்கும், வேலைப் பயிற்சிப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். படிப்பில் சேர்ந்தவரின் உணவு உதவியை நீங்கள் நிறுத்துவது பற்றி ஆங்கிலத்தில் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தேன். கிடைத்தது என்று கணினி பதில் போட்டது, அதோடு சரி. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இப்போது தமிழில், பொதுவில் எழுதுகிறேன்.

உணவு வாங்க மாதாமாதம் கார்டில் பணம் போடும் அரசு உதவித் திட்டமான ஸ்னாப்பின் விதிகளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஜூலையில் வந்த சட்டத்துக்குப் பிறகு, கடைசிப் பிள்ளைக்கு 14 வயது ஆகிவிட்ட பெற்றோரும் மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும், இல்லையென்றால் மூன்று ஆண்டில் மூன்று மாதம்தான் உதவி. அது வாஷிங்டனில் போட்ட சட்டம், உங்கள் மேல் பழி போடவில்லை. ஆனால் பயிற்சிக்குப் போனவரை நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நான் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போகும் ஃபுட் பேன்ட்ரிக்கு, அதாவது இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் இடத்துக்கு, ஒரு அம்மா வருகிறார். வயது 43, மகனுக்கு 15. கிடங்கு வேலையில் ஷிஃப்டுகளைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லாமல் அவராகவே கம்யூனிட்டி காலேஜில் மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்பில் சேர்ந்தார், ஸ்னாப் புதுப்பிப்புப் படிவத்தில் அதை ஒளிக்காமல் எழுதினார். உடனே கடிதம் வந்தது: நீங்கள் கல்லூரி மாணவி, இனி தகுதி இல்லை. இருவர் வீட்டுக்கு மாதம் அதிகபட்சம் 546 டாலர், ஒருவருக்கு 298. இப்போது அந்தக் கார்டில் மகன் மட்டும்தான் கணக்கு. எங்கள் பதிவு நோட்டில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், "சாப்பிடுகிறவர்களையா, அரசுக் கணக்கில் இருக்கிறவர்களையா?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு உதவி நிற்கவில்லை, பஸ் பாஸும் கிடைக்கிறது. அதே ஆசிரியர், அதே தேர்வு. அவரை ஸ்னாப் பயிற்சித் திட்டம் வழியாக உங்கள் கேஸ்வொர்க்கர் (அவர் ஃபைலைக் கவனிக்கும் அலுவலர்) அனுப்பினார், இவர் தானாகப் போனார். ஒரே ஒரு பரிந்துரைத் தாள்தான் வித்தியாசம். அந்தத் தாளைக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

முடியாத காரியமும் இல்லை. ஏற்கெனவே சேர்ந்தவரின் பெயரைப் பயிற்சி நிலையம் உங்களுக்கு அனுப்பலாம், நீங்கள் தகுதி பார்த்து முறைப்படி பரிந்துரைக்கலாம். ரிவர்ஸ் ரெஃபரல் என்று இதற்குப் பெயரே இருக்கிறது, மத்திய அரசு அனுமதிக்கிறது, பஸ் பாஸ் மாதிரியான செலவில் பாதியைத் திருப்பியும் தருகிறது. கலிபோர்னியாவும் மாசசூசெட்ஸும் வேலைக்கு வழிகாட்டும் கம்யூனிட்டி காலேஜ் படிப்புகளுக்கு இந்த மாணவர் தடையிலிருந்து விலக்குத் தருகின்றன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிற கதையாக இருக்கிறது இங்கே. தகுதிப் பிரிவில் கேட்டால் பயிற்சிப் பிரிவைக் கேள் என்கிறார்கள், அங்கே போனால் ஸ்னாப் ஃபைல் எங்கள் திரையில் தெரியாது என்கிறார்கள். இரண்டும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன!

பயிற்சித் திட்டம் பற்றிய உங்கள் துண்டறிக்கையில் "முழுக்க விருப்பத்தின் பேரில், சேராதவர்களுக்குத் தண்டனை இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உண்மைதான், சேராதவர்களுக்குத் தண்டனை இல்லை. விருப்பத்தோடு சேர்ந்தவருக்குத்தான் தண்டனை. 2025 அக்டோபரில் தொடங்கிய அரசு முடக்கம் நவம்பரிலும் நீடித்து, நாடு முழுக்கச் சுமார் 4 கோடிப் பேர் கார்டில் பணம் வருமா வராதா என்று காத்திருந்தபோது எங்கள் வாசலில் நின்ற வரிசையை நேரில் பார்த்தவன் நான். அப்போதும் "வேலை தேடுங்கள்" என்று போஸ்டர் ஒட்டத் தவறவில்லை நீங்கள். போஸ்டருக்கு மட்டும் எங்கிருந்துதான் ஆள் கிடைக்கிறதோ!

சரி, சண்டை போட எழுதவில்லை. படிப்பில் சேர்ந்தவரை மாணவர் என்று நீக்கும் முன், பரிந்துரைக்கத் தகுதி இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பயிற்சி நிலையங்களின் சேர்க்கைப் படிவத்தில் "ஸ்னாப் வாங்குகிறீர்களா?" என்ற கேள்வியைச் சேர்த்து, சம்மதிப்பவர்களின் பெயர் அன்றே தகுதிப் பிரிவுக்குப் போகும்படி செய்யுங்கள். அடுத்த செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்குகிறது, அதற்குள் செய்தால் பலருக்கு உதவும். அந்த அம்மாவின் மேல்முறையீடு இப்போது உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. தயவுசெய்து முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஃபுட் பேன்ட்ரி தன்னார்வலர்