ராத்திரி போட்டோவுக்கு ஒரு சின்ன லைட்டு

ஆசிரியருக்கு வணக்கம், கல்யாணத்துல போட்டோ எடுக்குற தம்பிங்க ஃபிளாஷ மூஞ்சிக்கு நேரா அடிக்கிறத விட்டுட்டு சின்ன எல்இடி வீடியோ லைட்ட பிடிச்சுப் பழகணும்னு ஆசையா எழுதுறேன். போன மாசம் விடியக்கால முகூர்த்தத்துல பொண்ணுக்கு ரெண்டடி பக்கவாட்டுல லைட்ட சாய்ச்சுப் பிடிச்சேன், மூக்குத்தி நிழல் கன்னத்துல எங்க விழுதுன்னு கிளிக் பண்றதுக்கு முன்னாடியே கண்ணுல தெரியுது, ஃபிளாஷ்னா எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஆனா ரெண்டடி தூரத்த நாலடியாக்கினா வெளிச்சம் கால்வாசிதான், அதனால கிட்டக்கவே வைங்க. சுத்தி குண்டு பல்பு எரிஞ்சா லைட்டோட நிறத்த 3200 கெல்வினுக்கு (கெல்வின்னா வெளிச்சத்தோட நிறத்தச் சொல்ற அளவு, 3200 மஞ்சள் சாயல்) இறக்கிடுங்க, பகல் வெளிச்ச நிறமான 5600லயே விட்டா மூஞ்சி நீலம் பாய்ஞ்சிரும். சிஆர்ஐ (நிறத்த உள்ளது உள்ளபடி காட்டுறதுக்கான அளவு, முழுசா 100) 95க்கு மேல பாத்து வாங்குங்க, மட்டமான லைட்டுல மஞ்சள் பூசின கன்னம் பச்சையடிச்ச மாதிரி வருது. கைக்குழந்தைங்க கண்ணுக்கு நேரா மட்டும் தயவுசெஞ்சு பிடிக்காதீங்க.

- ஒரு கல்யாண போட்டோகிராபர், மதுரை