சைக்கிள் தந்தாயிற்று, சாலையில் இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகள் எங்கள் பள்ளிக்கும் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றை ஓட்டிக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்பும் சாலையைப் பற்றியதே இக்கடிதம்.

எங்கள் ஊரை ஒட்டிச் செல்லும் சாலையில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் அதன் மட்டம் உயர்ந்ததே தவிர, ஓரத்து மண் உயர்த்தப்படவில்லை. இன்று தாரின் விளிம்பு மண்ணிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு நெருங்கினால், கேரியரில் புத்தகப் பையோடு செல்லும் பிள்ளை பயந்துபோய் மண்ணில் இறங்கிவிடுகிறது. கார் போன பிறகு மீண்டும் ஏற முயலும்போது, முன்சக்கரம் அந்த விளிம்பை உரசிக்கொண்டே சிறிது தூரம் ஓடி, ஏற முடியாமல் சறுக்கி, சைக்கிளைச் சாலைப் பக்கமாகவே சாய்த்துவிடுகிறது. என் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படித்தான் விழுந்தாள். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் நிதானமானவர் என்பதால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். அவளுடைய சைக்கிள் அன்று முதல் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது.

இது நடப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில் என்பதுதான் எனக்குக் கூடுதல் வேதனை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தின் வழியாக இங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அன்று எங்களைத் தடுத்தது ஊராரின் பேச்சு. அதை மீறி நாங்கள் ஓட்டினோம். இன்று எங்கள் பெண்பிள்ளைகளை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை, ஆனால் சாலைக்குப் பயந்து பெற்றோரே சைக்கிளைப் பூட்டி வைக்கிறார்கள்.

சைக்கிளில் வருபவர்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள் என்று வாகன ஓட்டிகள் குறை சொல்வது உண்மைதான். என் மாணவர்களை அதற்காக நானே கண்டித்திருக்கிறேன். ஆனால் மையத் தடுப்பில் அடுத்த திறப்பு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க, பள்ளிக்கு எதிரே உள்ள தெருவுக்குப் போக அந்தப் பிள்ளை இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்பதைக் காரில் செல்பவர் உணர்வதில்லை. சாலையை வரைந்தவர்களும் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று இயற்பியல் வகுப்பில் இதே பிள்ளைகளுக்குத்தான் கற்பிக்கிறேன். நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் மோட்டார் வாகனங்களோடு அடிக்கடி கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்பு குறித்த 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்துகிறது. குறிப்பிட்ட பகுதிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆவது பிரிவு மாநில அரசுக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. பள்ளி வாசல்களில் அதைப் பயன்படுத்த வேண்டும். ஓரத்து மண்ணைத் தார் மட்டத்துக்கு உயர்த்திக் கெட்டிப்படுத்துவதற்கோ பல கோடி தேவையில்லை. சில லோடு கிராவலும் ஒரு ரோலரும் போதும்.

அடுத்த முறை மிதிவண்டி வழங்க வரும் அதிகாரிகள், விழா முடிந்ததும் புறப்பட்டுவிடாமல், மாலை நான்கரை மணிக்குப் பள்ளி வாசலில் அரை மணி நேரம் நின்று, தாங்கள் கொடுத்த சைக்கிள்கள் சாலையில் ஏறுவதைப் பார்த்துவிட்டுச் செல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.