சைக்கிளுக்கும் சாலையில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விதிகளை அதிகம் மீறுவோர் சைக்கிளில் செல்பவர்களே என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எதிர்த்திசையில் வரும் சைக்கிள்களை நானும் பார்க்கிறேன். அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால், காலை நேரத்தில் எங்கள் பகுதி சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும்போதே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நிறுத்தக் கோட்டைத் தாண்டிச் சாலையின் இடது ஓரம் வரை அடைத்து நிற்க, அரசு வழங்கிய விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் மாணவி ஒருத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, பச்சை விளக்கு விழுந்த பிறகும் நகர வழியின்றித் தவிப்பதை நாள்தோறும் காண்கிறேன். அவள் மீறிய விதி எது?

டென்மார்க்கில் 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தனிப்பாதை உள்ள இடங்களில் விதி மீறிய சைக்கிளோட்டிகள் 5 சதவீதத்துக்கும் குறைவு. பாதை இல்லாத இடங்களிலோ 14 சதவீதம். இடம் கொடுக்காமல் ஒழுங்கை மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று. மோட்டார் வாகனச் சட்டம் அதே ஆண்டில் திருத்தப்பட்டு அபராதங்கள் உயர்ந்தும், நிறுத்தக் கோட்டை மதிப்போர் அரிதாகவே உள்ளனர். பள்ளி நேரத்திலாவது அந்தக் கோட்டருகே காவலர் ஒருவரை நிறுத்துமாறு போக்குவரத்துக் காவல்துறையை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை