மூச்சு வாங்குற பொண்ணுங்க

ஏய், எப்படி இருக்க? உன் மெசேஜ் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டாத. பெரியவனுக்கு பரீட்சை முடிஞ்சுதா? உன் முதுகுவலி எப்படி இருக்கு?

"கிராமத்துல என்னடி ஹார்ட் பேஷன்ட், அது சிட்டிக்காரங்க வியாதியாச்சே"ன்னு கேட்டிருந்த இல்ல, நீ நினைக்கிறது வயசானவங்களுக்கு வர்ற ரத்தக்குழாய் அடைப்பு. எங்கிட்ட வர்றது ருமாட்டிக் ஹார்ட், இதயத்துக்குள்ள ரத்தம் போக கதவு மாதிரி திறந்து மூடுற வால்வு கெட்டுப்போறது. வர்றவங்க முக்காவாசி இருபது முப்பது வயசுதான், அதுலயும் பொம்பளைங்கதான் ஜாஸ்தி, பாதிப் பேர் கர்ப்பமாகி மூச்சு முட்டின அப்புறம்தான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கிறாங்க.

போன வாரம் ஒரு பொண்ணு வந்தா, ஆறு மாசம். ரெண்டு வருஷமா இளைப்புன்னு சொல்லி இன்ஹேலர் இழுத்துட்டு இருக்கா, ராத்திரி படுக்க முடியாம சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குறாளாம். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கவச்சு ஸ்டெத் வச்சா, தூரத்துல லாரி போற மாதிரி ஒரு உறுமல். எக்கோ, அதான் இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன், எடுத்தா மைட்ரல்னு இடது பக்கம் இருக்கற வால்வு சுருங்கிப்போச்சு, 4லேருந்து 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டியது 1தான் திறக்குது. கர்ப்பத்துல ரத்தம் 40-50 சதவீதம் வரைக்கும் கூடும், அவ்வளவும் அந்தச் சந்து வழியா எப்படிப் போகும் சொல்லு. பலூன் விட்டு விரிக்கணும்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருக்கேன்.

சின்ன வயசுல காய்ச்சல், மூட்டுவலி வந்துச்சான்னு கேட்டா ஞாபகமே இல்லைங்கறா, அவ மட்டுமில்ல, நெறைய பேர் அப்படித்தான். அஞ்சுலேருந்து பதினஞ்சு வயசுக்குள்ள ஸ்ட்ரெப்னு ஒரு கிருமியால தொண்டைப்புண் வரும், ஒரு ரூம்ல ஆறு பேர் படுக்குற வீட்ல அது சுலபமா பரவும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு காய்ச்சலும் மூட்டுவலியும், உடம்பு கிருமியை அடிக்கிறேன்னு தன் வால்வையே அடிச்சு வச்சிருக்கும். மூட்டு சரியாயிடும், வால்வு ஆகாது.

அதிக சேதம் ஆகறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா, அந்தக் கிருமி திரும்ப வந்து வால்வை இன்னும் கெடுக்காம இருக்க பென்சாத்தின் பென்சிலின் ஊசி, மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணு, குறைஞ்சது பத்து வருஷம், வால்வு ரொம்ப கெட்டிருந்தா நாப்பது வயசு வரைக்கும்கூட போகும். மருந்து கெட்டியா இருக்கும், நீடில் அடைச்சுக்கும், வலி உயிரே போகும். நல்லா இருக்கும்போது எதுக்கு ஊசின்னு நிறுத்திடறாங்க, எனக்கு கோவம் வரும், ஆனா ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறி வந்தா ஸ்டாக் இல்லைன்னு திருப்பி அனுப்பினா நானே நிறுத்திடுவேன். அலர்ஜி ஆயிடுமோன்னு போடவே பயப்படுற ஸ்டாஃபும் இருக்காங்க, அது வேற கதை.

ஒரு பதினோரு வயசுப் பையன் மட்டும் தவறவே மாட்டான், நோட்டுப் பின் அட்டைல தேதி எழுதி வச்சுக்கிட்டு வருவான், ஊசி போட்டதும் நொண்டிக்கிட்டே ஸ்கூலுக்கு ஓடுவான். அவனை அனுப்பினது யாரு தெரியுமா, அவன் டீச்சர். நேத்து முட்டி வலிச்சுது, இன்னிக்கு கணுக்கால்னு சொல்லிருக்கான், வீட்ல ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்னு விட்டுட்டாங்க, அந்தம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க.

உன் கிளாஸ்ல அப்படி மூட்டுவலி இடம் மாறி மாறி வருதுன்னு யாராவது சொன்னா எனக்குச் சொல்லு. வெளியே கூட்டம் நிக்குது, அப்புறம் எழுதறேன்டி.