நொடி நேர மின்தடையை நிறுத்தத் தனி ஃபீடர் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
உலோக முப்பரிமாண அச்சுக் கூடம் நடத்துவோர்,
தொழிற்பேட்டைப் பின்வரிசை.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மானம்.

பொருள்: உலோக அச்சு இயந்திரங்களுக்குத் தனி ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து நேரே வரும் தனி மின்வழி) வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: பதில் வராத எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பின்வரிசைக் கம்பி எந்த மரத்தில் உரசுகிறது என்பது தாங்கள் அறிந்ததே. காற்றடித்தால் மின்சாரம் விழுந்து உடனே எழுகிறது. விளக்குக்கு அது ஒரு கண்சிமிட்டல். எங்கள் இயந்திரத்துக்கு என்ன ஆகிறது என்பதைத் தாழ்மையுடன் மீண்டும் தெரிவிக்கிறோம்.

1. டைட்டானியத் தூளை 30 மைக்ரான் கனத்தில் பரப்பி, லேசரால் உருக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு ஏற்றுகிறோம். 100 மி.மீ. உயரத்துக்கு 3,333 அடுக்குகள். அடுக்குக்கு 50 நொடி என்றாலும் 46 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும்.

2. மின்னழுத்தம் அரை நொடி நன்றாகச் சரிந்தாலே கான்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) விடுபடும். லேசரைக் குளிர்விக்கும் சில்லர் நிற்கும், சில்லர் நின்றால் லேசரும் அணையும். ஆக்ஸிஜனை விலக்கி வைக்கும் ஆர்கான் வாயுவின் சுழற்சி நின்றுவிடும். பாகம் வளரும் அடித்தட்டான பில்ட் பிளேட் ஆற, பாதி வளர்ந்த பாகம் சுருங்கும். ஆக்ஸிஜனை மறுபடி 0.1 சதவீதத்துக்குக் கீழே இறக்கித் தொடங்கினாலும் புது அடுக்கு பழைய அடுக்கின்மேல் சரியாக உட்காராது. பாகத்தைச் சுற்றி நூல் கட்டினாற்போல் ஒரு கோடு விழும். மெருகேற்றினால் கோடு மறையும், பலவீனம் மறையாது. திரும்பத் திரும்பச் சுமை ஏறும் பாகம் விரிசல் விடுவது அங்கேதான். 900 டிகிரிக்கு மேல் உயர் அழுத்த ஆர்கானில் வைத்தால் உள்துளைகள் மூடும், மேற்பரப்புக்குத் திறந்த குறை மூடாது. ஓரம் சுருண்டு எழும்பியிருந்தால் தூள் பரப்பும் பிளேடு அதில் மோதிப் பக்கத்துப் பாகங்களையும் கெடுக்கும். இதெல்லாம் தப்பினாலும், இடையில் நின்றது இயந்திரப் பதிவில் இருக்கும். தரச் சோதகர் அதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார். 3,000-வது அடுக்கில் விழுந்தால்? முதலிலிருந்து ஐயா, முதல் அடுக்கிலிருந்து.

3. ஜெனரேட்டர் வைக்கலாமே என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். அது எழுந்து சுமை ஏற்பதற்குச் சில நொடி ஆகும். அரை நொடியில் முடிந்த கேட்டை எப்படித் தடுக்கும்? யுபிஎஸ் இருக்கிறது. கணினியையும் லேசரையும் தாங்கும். சில்லர் கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதற்கும் சேர்த்து வைப்பதென்றால் யுபிஎஸ்ஸுக்கே தனி அறை கட்ட வேண்டும்.

4. "மாதத்துக்கு மொத்தம் சில நிமிடத் தடைதானே" என்றும் சொன்னார்கள். நிமிடத்தை எண்ணி எங்களுக்கு என்ன பயன்? எத்தனை தடவை என்று எண்ணுங்கள். மூன்று நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முழுதாக நிறுத்துங்கள், அதற்கேற்ப பில்ட் (ஒரு முழு அச்சு ஓட்டம்) ஏற்றிக்கொள்கிறோம். சொல்லாமல் வரும் அரை நொடிக்கு எந்தத் திட்டமும் போட முடியாது.

5. கிளையை வெட்டுங்கள்.

6. தனி ஃபீடர் வரும்வரை மின்மாற்றியில் ஒரு மின்னழுத்தப் பதிவுக் கருவி பொருத்தி, ஒவ்வொரு சரிவின் நேரத்தையும் ஆழத்தையும் எங்களுக்குத் தர வேண்டுகிறோம். குற்றம் சொல்ல அல்ல. எந்த பில்ட்டைச் சோதனைக்கு அனுப்புவது, எதைக் கழிப்பது என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.

தனி ஃபீடர் வேண்டும் ஐயா. மூன்று மனுவில் கேட்டதும் இதுவே. இம்முறை முடியும், முடியாது என்று எழுத்தில் ஒரு வரியாவது தாருங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசை உலோக அச்சுக் கூடத்தார்